தூக்கக் கலக்கம் யாருடைய குற்றம்?

தமிழ் நாளேடுகளில் ஆண்டு முழுவதும் மாறாமல் அச்சாகும் வாக்கியம் ஒன்று உண்டு. லாரி ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் எனப் போலீசாரின் முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளதாம். ஊரும் வண்டி எண்ணும் மாறும், வாக்கியம் மாறாது. முதற்கட்ட விசாரணைக்குப் பிறகு இரண்டாம் கட்டம் ஒன்று நடந்து, அந்த மனிதர் ஏன் தூங்காமல் இருந்தார், அவரைத் தூங்கவிடாதவர் எவர் என்று கேட்கப்பட்டதாக நாம் படித்ததில்லை. தூக்கம் அவருடைய கண்ணில் இருந்தது, ஆகவே குற்றமும் அவருடையது. வழக்கு முடிந்தது.

இந்த வாக்கியத்தோடு நமக்குச் சண்டை இருக்கிறது. அதைத் தீர்க்க ஓர் ஓட்டுநரின் ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டால் போதும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எவரிடம் கேட்டாலும் சொல்லக்கூடிய வாரம்தான். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி டெல்லியில் இறக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44இல் பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். சுங்கச்சாவடி, மலையேற்றம், நகர நெரிசல் எல்லாம் சேர்த்து, சுமை ஏற்றிய வண்டி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் ஓடினால் நல்ல ஓட்டம் என்பார்கள். ஆகச் சக்கரம் உருள வேண்டிய நேரம் மட்டும் 60 மணி.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வகுத்தது. தொலைதூரத் தடங்களில் உரிய அனுமதியோடு அதை நீட்டலாம். அப்போதும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக்கூடாது. அதாவது டெல்லிக்கு ஒருவழி போய்ச் சேருமுன்பே, சட்டம் அனுமதித்த உச்சபட்ச வாரம் 6 மணி நேரத்துக்கு முன்னால் தீர்ந்துவிடுகிறது. சட்டப்படி நம் ஓட்டுநர் ஆக்ராவுக்கு இப்பால் எங்கோ வண்டியை ஓரங்கட்டி, வாரம் பிறக்கட்டும் என்று படுத்திருக்க வேண்டும்.

அவர் படுப்பதில்லை. ஏன் என்பதற்குத் திங்கட்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

திங்கள் காலை புக்கிங் ஆபீஸிலிருந்து அழைப்பு வருகிறது. வண்டி கிடங்கு வாசலில் நிற்கிறது. எப்போது லோடு ஏற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அழைக்கும்போது வண்டி இல்லையென்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடும். நண்பகல் தாண்டி மூட்டை ஏறத் தொடங்கும். ஏறி முடிந்தபின் தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, பில் வாங்கிப் புறப்படும்போது இரவு மணி பத்து. பகல் முழுதும் விழித்திருந்தவர் அப்போதுதான் முதல் கிலோமீட்டரை ஓட்டுகிறார். இந்தக் காத்திருப்பை 1961ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி நடத்தியது என்பது சுவையான செய்தி. வேலை நேரத்தை வரையறுக்கையில், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை என்று சேர்த்துக்கொண்டது. அதற்கு மேல் காத்திருந்தால் வேலையில்லை. கிடங்கு வாசலில் பத்து நிமிடம் நின்றவர் தொழிலாளி, பத்து மணி நேரம் நின்றவர் ஓய்வெடுத்தவர்! இதை எழுதிய அதிகாரி ஒருமுறையாவது சித்திரை வெயிலில் லாரி கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

சனிக்கிழமை விடியுமுன் சரக்கு டெல்லியில் இருக்க வேண்டும். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் நுழைவில்லை. விடியலைத் தவறவிட்டால் ஒரு பகல் முழுதும் எல்லையில் கிடக்க வேண்டும், தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் வேறு. திங்கள் இரவு பத்திலிருந்து சனி அதிகாலை ஐந்து வரை 103 மணி நேரம். அதில் 60 மணி ஓட்டம். எஞ்சிய 43 மணியில்தான் சமையல், குளியல், டயர் பஞ்சர், டீசல், சோதனைக்கு நிறுத்தும் இடங்கள், மாமூல் பேரம், மனைவிக்கு ஒரு தொலைபேசி, தூக்கம் எல்லாம். நம் பக்கத்து ஓட்டுநர்கள் பலர் வண்டியிலேயே அடுப்பும் அரிசியும் வைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் சப்பாத்தி ஒத்துக்கொள்வதில்லை என்பது ஒரு காரணம், காசு மற்றொன்று. நிழலான இடத்தில் வண்டியை நிறுத்தி உலை வைப்பதைக் காரில் போகிறவர்கள் ஏதோ சுற்றுலாக் காட்சிபோல் ரசித்துவிட்டுப் போவதுண்டு.

சரி, அந்தத் தூக்கமாவது முழுமையாகக் கிடைக்கிறதா? இரவில் நிறுத்தி உறங்கினால் டீசல் டேங்க்கில் குழாய் விடுகிறார்கள், தார்ப்பாயைக் கிழிக்கிறார்கள். போன டீசலுக்கும் குறைந்த மூட்டைக்கும் பல இடங்களில் ஓட்டுநர் கணக்கில்தான் கழிவு. ஆகவே அவர் காவலாளியும்கூட. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்கு நம் மொழியில் கோழித் தூக்கம் என்று பெயர். செவ்வாயும் புதனும் ஆந்திர, தெலங்கானச் சமவெளியில் கோழித் தூக்கத்தோடு கழிகின்றன. நிர்மல், அடிலாபாத் தாண்டி நாக்பூர் வருவதற்குள் வியாழன் ஆகிவிடுகிறது.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் வனப்பகுதியில் இதே நெடுஞ்சாலையைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், கீழே புலிகள் கடந்து போவதற்காக. ஒலி கேட்டு விலங்குகள் மிரளாதிருக்கச் சாலையோரம் தடுப்புகளும் உண்டு. மிக நல்ல காரியம், நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதன்மேல் ஓட்டிச்செல்லும் மனிதனுக்கும் உறக்கம் என்ற உயிரியல் தேவை உண்டு என்பதை அதே கவனத்தோடு யாரும் வரைபடத்தில் குறிக்கவில்லை.

சொல்லப்போனால் நடந்தது நேர்மாறானது. தேசிய பெர்மிட் பெற்ற கனரக வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நீட்டிப் படுக்க இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் நெடுங்காலம் எழுதியிருந்தது. கடைப்பிடித்தவர் குறைவுதான், ஆயினும் விதி இருந்தது. 2018 ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒரு பங்கு வரை உயர்த்தினார்கள். அதே ஆண்டில் இரண்டு ஓட்டுநர் விதியையும் நீக்கினார்கள். சுமையைக் கூட்டி, ஆளைப் பாதியாக்கிய ஆண்டு அது. சரக்குப் போக்குவரத்தின் செலவு குறையும் என்றார்கள். குறைந்திருக்கலாம். அந்தக் குறைந்த செலவை யாருடைய கண்ணிமையிலிருந்து எடுத்தார்கள் என்பதே நம் கேள்வி.

இங்கே வழக்கமாக ஓர் எதிர்வாதம் வரும். ஓட்டுநர்கள் பணத்தாசையில் தாங்களே வேகவேகமாக ஓட்டுகிறார்கள், இரண்டு டிரிப் அடிக்க வேண்டியதை மூன்றாக்குகிறார்கள் என்று. உண்மைதான், பலருக்கு டிரிப் கணக்கில்தான் கூலியும் படியும். வண்டி நின்றால் படி நிற்கும். மாதச் சம்பளம், வேலை நேரம், மிகைநேரக் கூலி என்று எதுவும் இல்லாமல், ஓடினால்தான் சோறு என்று ஒருவரை வைத்துவிட்டு, அவர் ஓடுவதை ஆசை என்று அழைப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அலுவலகத்தில் எட்டரை மணிக்கு விளக்கை அணைத்தால் உழைப்பாளி என்று விருது கொடுக்கும் வர்க்கம்தான் இதைச் சொல்கிறது.

அப்படியானால் லாரி உரிமையாளரே வில்லனா? இந்த எளிய விடையும் நமக்கு ஒப்பவில்லை. கொங்கு வட்டாரத்தில் உரிமையாளர்களில் பலர் ஸ்டியரிங் பிடித்து வந்தவர்கள். ஒன்றிரண்டு வண்டி, அதற்கும் பைனான்ஸ் தவணை. சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனம் வாடகையை இறுக்குகிறது, நடுவில் தரகர் கமிஷன் எடுக்கிறார், தவணைத் தேதி காத்திருப்பதில்லை. அழுத்தம் மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் தட்டிக் கழிக்க ஆளில்லாத ஒருவரிடம், கேபினில் தனியாக இருப்பவரிடம் வந்து நிற்கிறது. சட்டமும் இந்த அமைப்புக்கு ஏற்றபடி வளைந்தே இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனங்களைத் தொடவில்லை. அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த எண்ணிக்கை பத்தாக உயர்ந்தது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களே பெரும்பான்மையாக இருக்கும் ஒரு தொழிலில் பத்துப் பேர் என்று கோடு கிழிப்பது, வலையில் மீனைவிடப் பெரிய ஓட்டை போடுவது போன்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 91ஆம் பிரிவில், போக்குவரத்து வண்டி ஓட்டும் எவருக்கும் இதே நேரவரம்புதான் என்று சொல்லியிருந்தது. சாலையில் அதைச் சரிபார்க்க எவருமில்லை. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இப்பிரிவை நடைமுறைப்படுத்த வழி காணுங்கள் என்று உச்சநீதிமன்றம் 2025இல் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தேழு ஆண்டு கழித்து!

சரிபார்ப்பது கடினம் என்பார்கள். ஐரோப்பாவில் நாளுக்கு 9 மணி ஓட்டம், நாலரை மணிக்கொருமுறை 45 நிமிட இடைவேளை என்று விதி, வண்டியில் அதைப் பதியும் கருவி. நம்மிடம் அந்தக் கருவிகூட வேண்டாம். 2021 பிப்ரவரி முதல் எல்லா வண்டிக்கும் பாஸ்டேக் கட்டாயம். எந்த வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அரசின் கணினியில் நொடிக்கணக்கில் இருக்கிறது. சரக்குக்கான இ-வே பில்லோடு அது இணைக்கவும் பட்டிருக்கிறது. அந்த பில்லுக்குக் கெடு உண்டு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நம் டெல்லி லோடுக்கு 12 நாள். ஜவ்வரிசி மூட்டை 12 நாள் பயணம் செய்யலாம் என்று வரித்துறை பெருந்தன்மையோடு ஏற்கிறது. அதை ஓட்டுபவர் நாலரை நாளில் போய்ச்சேர வேண்டும். வரி தப்பினால் கண்டுபிடிக்கும் கணினிக்கு, ஒரே ஓட்டுநர் பதினெட்டு மணி நேரமாகச் சாவடி சாவடியாகக் கடந்து வருவது மட்டும் தெரியாதா?

தெரிய வேண்டாம் என்பதற்கு இன்னொரு சான்று, ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கை. 2022இல் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று துல்லியமாகச் சொல்கிறது. விதிமீறல் வாரியான பட்டியலில் அதிவேகம் உண்டு, குடி உண்டு, எதிர்த்திசை உண்டு, சிக்னல் மீறல் உண்டு, கைபேசி உண்டு. சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் தனி வரி இல்லை. நாளேடு அன்றாடம் எழுதும் காரணம் அரசின் அட்டவணையில் இல்லவே இல்லை! தனி ஓட்டுநரைக் குற்றவாளியாக்கத் தூக்கம் பயன்படுகிறது, கொள்கையைக் கேள்வி கேட்கும் புள்ளிவிவரமாக அது மாறுவதில்லை.

தண்டனை என்று வந்தால் மட்டும் சட்டம் விழித்துக்கொள்கிறது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் ஓடினால் 10 ஆண்டுவரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னது. 2024 ஜனவரி தொடக்கத்தில் வடமாநில ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தியதும், கலந்து பேசாமல் அமல்படுத்த மாட்டோம் என்று அரசு வாக்களித்தது. அந்த உட்பிரிவு நீங்கலாகவே 2024 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவரை விட்டு ஓடுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்ற அச்சம் கற்பனையன்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்றால் அது பொய். 2025 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். பெட்ரோல் நிலையங்களில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓட்டுநர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் வந்திருக்கின்றன. கட்டில் வந்துவிட்டது. அதில் படுக்க எட்டு மணி நேரத்தை எவரும் தரவில்லை.

இலக்கியம் பேசும் நாமும் இந்தப் பட்டியலில் தப்ப முடியாது. ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் ஹென்றி லாரியில் வந்து இறங்குகிறான், துரைக்கண்ணு என்ற லாரிக்காரரும் நம் மனத்தில் நிற்கிறார். அதற்குப் பின் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நம் திரைப்படத்தில் லாரி என்பது, சாட்சியையோ நேர்மையான அதிகாரியையோ நசுக்க வில்லன் அனுப்பும் ஆயுதம். நலத்திட்ட உலகில் லாரி ஓட்டுநர் என்றால் எய்ட்ஸ் பரவும் பாலம், அவ்வளவே. உழவரையும் நெசவாளரையும் மீனவரையும் எழுதித் தீர்த்த தமிழ், மாதத்தில் இருபத்தைந்து நாள் வீட்டில் இல்லாத இந்த மனிதரின் உள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவர் டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் வண்டியை நிறுத்துகிறார். சரக்கு இறங்கத் திங்கள் ஆகும் என்கிறார்கள். இந்தக் காத்திருப்புக்குக் கூலி இல்லை. திரும்புகால் லோடு கிடைத்து அடுத்த வார இறுதியில் அவர் சேலத்தை நெருங்கும்போது, கடைசி நாற்பது கிலோமீட்டருக்குள் தொப்பூர் கணவாயின் இறக்கம் வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள் என்று காவல்துறை அங்கே சொல்லிக்கொண்டேயிருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்கச் சொல்பவர் அந்த இறக்கத்தில் இருப்பதில்லை.

இதைப் படிப்பவர்களில் சரக்கு அனுப்பும் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் நிறுவனம் லாரிக்காரருடன் போடும் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை நாள், தாமதத்துக்கு எவ்வளவு பிடித்தம், உங்கள் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு கூலி என்று மூன்று வரிகளில் எழுதி அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயரும் உங்கள் பெயரும் இல்லாமல் வெளியிடுகிறோம்.