கிழப் பூனைக்கு ஒரு வீடு



நம் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது 74. மனைவியை இழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் கனடாவில் வாழ்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் என் அறைக்கு வந்து, "சுவாமி, நகரத்துப் பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்று எண்ணுகிறேன்" என்றார்.

"வாத்தியாரையா, நம் தெருவில் இல்லாத பூனையா? அதற்குச் செலவிடும் பணத்தை வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுத்தால் ஓர் ஏழைக் குடும்பம் உண்ணுமே!" என்றேன். அவர் புன்னகையோடு விடைபெற்றுச் சென்றார். நல்ல அறிவுரை கூறிவிட்டதாக நான் மனநிறைவு கொண்டேன்.

அவர் காப்பகத்திற்குச் சென்றது ஒரு குட்டியை வாங்கத்தான். அங்கிருந்த பணியாளரோ, "ஐயா, உங்கள் வயதென்ன? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று வினவினார். வீட்டுக்குள் நன்கு பேணப்படும் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். நம் ஆசிரியர் கணக்கு வாத்தியார் அல்லவா? 74உடன் 15ஐக் கூட்டிப் பார்த்து மௌனமானார். அப்போதுதான் கடைசிக் கூண்டில் சுருண்டு கிடந்த சாம்பல் நிறப் பெட்டைப் பூனை அவர் கண்ணில் பட்டது. அதற்கு வயது பதினொன்று இருக்கும். வளர்த்த மூதாட்டி காலமானதும், வீட்டைப் பங்கிட்டுக்கொண்ட பிள்ளைகள் பூனையை ஒரு கூடையில் வைத்துக் காப்பக வாயிலில் விட்டுச் சென்றனராம். வருவோர் எல்லாரும் குட்டிகளையே தூக்கிச் சென்றனர். பணியாளர்கள் அதற்கு இட்ட பெயர் 'பாட்டி.' "இந்த வயதில் எனக்கொரு பாட்டி!" என்று சிரித்தவாறே அதை அவர் வீட்டிற்குக் கொண்டுவந்தார்.

சென்னையில் 1959ஆம் ஆண்டில் விமானி கேப்டன் வி. சுந்தரம் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். இன்று வேறு பல ஊர்களிலும் இத்தகைய காப்பகங்கள் உள்ளன. அங்கு வந்து சேரும் முதிய பூனைகளுள் பல, எந்தக் குற்றமும் செய்தவை அல்ல. வளர்த்தவரின் மரணம், பணி மாற்றம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவையே அவற்றை வீடற்றவை ஆக்கின. சிலர் காப்பகம் வரைகூடச் செல்வதில்லை; மீன் சந்தையருகே விட்டுவிட்டு, 'எப்படியும் பிழைத்துக்கொள்ளும்' என்கின்றனர். பத்தாண்டுகள் தட்டில் உண்ட பூனைக்கு, இரை தேடவும் தெருப் பூனைகளோடு போராடவும் ஒரே நாளில் வந்துவிடுமா? பசியிலும் தாகத்திலும் துன்புறும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

முதிய பூனையால் நன்மையும் உண்டு. குட்டியின் குணம் இனிமேல்தான் தெரியவரும். இதன் குணமோ முன்னரே தெரிந்தது. பாட்டிக்குக் கருத்தடை அறுவை முன்பே ஆகியிருந்தது. மணல் தட்டில் கழிக்கும் பழக்கமும் இருந்தது. திரைச்சீலையில் தாவி ஏறும் வயதையும் அது கடந்திருந்தது.

எனினும், முதல் நாட்கள் எளிதாயில்லை. காப்பகத்தார் கூறியபடி, அதை ஒரே அறையில் வைத்தார். அது அலமாரிக்கடியில் புகுந்தது, வெளிவரவில்லை. உணவையும் தொடவில்லை. பூனை இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரல் கெட்டுவிடக்கூடும் என்பதால், மறுநாளே கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் கூறியவாறு, உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த மீனை இளஞ்சூட்டோடு வைத்தார். மணம் அதை இழுத்தது. ஆசிரியர் அதைப் பிடித்து இழுக்கவில்லை. மாலைதோறும் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளை வாய்விட்டு வாசித்தார். ஒன்பதாம் நாள் இரவு, அது தானாகவே வந்து அவர் காலருகில் படுத்தது.

நிற்க. பூனை வளர்ப்போர் அறியவேண்டிய சில: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். வெறும் தயிர்ச்சோறு போதாது. மீனோ இறைச்சியோ அதற்கு இன்றியமையாதது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடிக்கும். முதிய பூனை வழக்கத்திற்கு மிஞ்சி நீர் பருகினாலும், நன்றாக உண்டும் மெலிந்தாலும், வழக்கமாக ஏறும் இடத்தில் ஏறத் தயங்கினாலும், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தவறக்கூடாது. கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி, என் அறிவுரையின் கதி. சில மாதங்களுக்குப்பின் வின்சென்ட் தே பவுல் சபையின் பொருளாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் மனைவி இறந்த மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் பெயரின்றி உறையில் பணம் தந்துவருகிறார் என்றும், பூனை வந்த பின்னும் அதில் ஒரு ரூபாயும் குறையவில்லை என்றும் அறிந்தேன். வெட்கினேன். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்துப் பார்த்தேன். மனிதரின் துயர் துடைக்க முதலில் சேரவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடலாகாது என்று அதில் உள்ளது. விலங்குகளுக்கு நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும் அதே இடத்தில் உள்ளது. நான் ஒரு பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தேன். முழுவதையும் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

சென்ற திருவருகைக் காலத்தில் பாட்டி அடிக்கடி நீர் பருகத் தொடங்கிற்று. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்துவருவது தெரிந்தது. குணமாகாது, தக்க உணவாலும் நீராலும் சில காலம் நலமாக வைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல முற்பட்டேன். ஆசிரியர் கூறினார்: "குறைந்த காலம் என்று தெரிந்துதானே, சுவாமி, கொண்டுவந்தேன்? எனக்குப் பின்னும் பல்லாண்டு வாழவேண்டிய குட்டியை யாரிடம் விட்டுச் செல்வேன் என்பதுதான் எனக்கு அச்சமாயிருந்தது."

ஆயினும் அவர் அதற்கும் வழி செய்துவிட்டார். தாம் முந்திக்கொண்டால் பாட்டியைப் பேண அண்டை வீட்டார் இசைந்துள்ளனர். உணவு, மருந்து, மருத்துவரின் தொலைபேசி எண் யாவும் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. அதன் படி ஒன்றை என்னிடமும் தந்திருக்கிறார். அது என் மேசை இழுப்பறையில் உள்ளது.

உங்கள் இல்லத்தில் ஒரு பிராணிக்கு இடமளிக்க எண்ணினால், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத முதியதையும் ஒருமுறை பாருங்கள். பெற்றோர் மறைந்த வீட்டில் அவர்கள் வளர்த்த பூனை எஞ்சியிருந்தால், பாத்திரம் பண்டங்களைப் பங்கிடும் முன்னர் அதற்கொரு வழி செய்யுங்கள். அது அவர்கள் கையால் உண்ட உயிர்.