பந்துக்கு இல்லாத தீட்டு

தோழர்களுக்கு,

வாரம் முழுக்க வங்கியில் ஊரார் பணத்தை எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் எண்ணுகிறேன். எங்கள் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் வறண்டு கிடக்கிற ஏரியில் காலை ஆறு மணிக்கு மூணு குச்சி நட்டு, டென்னிஸ் பந்தோடு நிற்பேன். பத்துப் பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு. ரெண்டு பக்கத்துப் பையன்களும் வருவார்கள். “கவிஞரே, இதுக்கெல்லாமா தலையங்கம்?” என்று ஒரு தோழர் சிரித்தார்.

அணி பிரிக்க சாட் பூட் த்ரீ. வட்டமாக நின்று கையை நீட்டினால் சிலருக்கு உள்ளங்கை, சிலருக்குப் புறங்கை. அவ்வளவுதான் கணக்கு. எந்தத் தெருக் கை என்று அது கேட்பதில்லை. ஒரே பந்தை எல்லாரும் தொடுகிறோம். விக்கெட் விழுந்தால் கட்டிப் பிடிக்கிறோம்.

அப்புறம் தாகம் வருகிறது. ஒருநாள் எங்கள் வீட்டுக் குடத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தேன். ஊர்ப் பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “வீட்ல போயி குடிச்சுக்கிறோம்ணே” என்றான் ஒருவன். வாய் அண்ணன் என்கிறது, தொண்டை மறுக்கிறது.

இது பழைய கதை. 1876இல் பிறந்த தலித் பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலு, பூனா இந்து அணிக்கு ஆடினார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்புறமும் அணித்தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. 1937 தேர்தலில் பாலு அம்பேத்கரை எதிர்த்து நின்றார் என்பதற்காக அந்த மண் குவளையை நாம் மறக்க வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது பாதி வேலைதான். நடத்துகிறவன்தான் அங்கே வீட்டுக்காரன். பந்தை எல்லாரும் காசு போட்டு வாங்குங்கள். ஒருத்தன் கொண்டுவந்த பந்தென்றால் அவுட்டா இல்லையா என்பதையும் அவனே சொல்வான். வந்தவர் எல்லாருக்கும் ஒரு ஓவராவது கொடுங்கள். தங்கச்சிகள் கையிலும் மட்டையைக் கொடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் தண்ணி சுமக்க மட்டும்தான் என்றால் நாமும் அந்தப் பூனாக்காரர்கள்தான். குடம் ஒன்று, டம்ளர் ஒன்று. குடிக்காதவனைத் திட்ட வேண்டாம். ஆனால் அவனுக்கென்று இன்னொரு குடம் வைக்காதீர்கள்.

நாலு வாரம் கழித்து அதே பையன் ஓடி ஓடி மூச்சிரைக்க வந்தான். குடத்தைப் பார்த்தான். ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மொண்டு குடித்தான்.

மறுநாள் அவன் அப்பா, நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளை என் கையிலிருந்தே வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறு பையன் வரவில்லை.

குடம் அங்கேதான் இருக்கும். வருகிற ஞாயிறும் மூணு குச்சி நடுவேன்.

— ஆசிரியர்