சிறு செலவில் மூன்று இராசதானிகள்

தூர தேசப் பிரயாணம் என்றதும் நம்மிற் பலர் முதலில் தொட்டுப் பார்ப்பது பணப்பையையே. அதில் தவறில்லை. குடும்பப் பாரத்தைச் சுமப்பவர் வரவு செலவு பாராது புறப்பட முடியுமா? ஆயினும், சில தேசங்களில் செலவைக் குறைக்கும் வழி அந்நாட்டு நகரங்களின் அமைப்பிலேயே இருக்கின்றது. இமயமலையின் மடியிலுள்ள நேபாளம் அத்தகையது. அதன் பழைய நகரங்களை இவ்வாரம் வாசகர்களுடன் சுற்றிவர எண்ணுகின்றோம்.

விமானக் கட்டணத்தைக் குறைக்கும் வித்தை நம்மிடம் இல்லை. அதனை முன்னரே சேமித்துக்கொள்ள வேண்டியதுதான். காத்மாண்டுவில் இறங்கிய பின்னரோ நிலைமை வேறு. சார்க் நாட்டவர் என்ற முறையில், ஓராண்டில் முதன்முறையாகச் செல்லும் இலங்கையர் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பழைய அரண்மனைச் சதுக்கங்களிலும் மேனாட்டாரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கையே நம்மிடம் வாங்குகின்றனர். ஆகவே, பாஸ்போட்டை விடுதி அறையில் வைத்துப் பூட்டிவிடாது கையோடு கொண்டு செல்லுதல் நலம்.

இனி நகரங்களின் அமைப்பைப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்திலுள்ள காத்மாண்டுப் பள்ளத்தாக்கை மல்ல வம்சத்தார் ஆண்டனர். 1482இல் யக்ஷ மல்லர் காலமானதன் பின் அவ்விராச்சியம் பிளவுபட்டது. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என மூன்று இராசதானிகள் தோன்றின. ஒருவர் கோயில் எடுத்தால் அதனிலும் அழகிய கோயிலொன்றை எடுக்க அடுத்தவர் முனைந்தார். 1768, 1769ஆம் ஆண்டுகளில் பிருதிவி நாராயண ஷா மூன்றையும் வென்று இப்போட்டிக்கு முடிவு கட்டினார். அரசர்கள் போயினர்; அவர்கள் போட்டியிட்டு எழுப்பியவை நமக்காக நிற்கின்றன. பாட்டன் நகரம் பாக்மதி ஆற்றுக்கு அப்பால் உள்ளது. பக்தபூர் கிழக்கே சுமார் 13 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. வேறு தேசங்களில் மூன்று இராசதானிகளைக் காணப் புகையிரதத்தில் நாட்கணக்காக அலைய வேண்டும். இங்கோ பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தாற் போதும்.

காத்மாண்டுவில் காலையில் அசான் சந்தையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். திபெத்துக்குப் போன பழைய வர்த்தகப் பாதை இதுவே. வாசனைத் திரவியமும் பித்தளைப் பாத்திரமும் விற்கும் கடைகளைத் தாண்டி இந்திர சௌக் வழியாக ஹனுமான் டோகா அரண்மனையை அடையலாம். இந்நடைக்கு ஒரு சதமும் வேண்டாம். அருகில் நிற்கும் காஷ்டமண்டபம் என்ற மர மண்டபத்தினாலேயே நகரம் பெயர் பெற்றது. 2015இல் அது முற்றாகச் சரிந்தது. பின்னர் பழைய முறைப்படியே மீண்டும் எழுப்பப்பட்டது.

பாட்டனில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தையும் நம்மவர் மிச்சம் பிடிக்கலாம். 1637இல் சித்தி நரசிங்க மல்லர் கட்டுவித்த கிருஷ்ணன் கோயிலில் மகாபாரத, இராமாயணக் காட்சிகள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்க்கு அவற்றை விளக்க வேறொருவர் வேண்டுமா? எதிரேயுள்ள அரண்மனை இப்போது சிறந்ததொரு நூதனசாலை. சதுக்கத்துக்கு வாங்கும் சீட்டே அதற்கும் செல்லும்.

பக்தபூரில் ஓரிரவேனும் தங்குங்கள். பகலில் வந்த உல்லாசப் பிரயாணிகள் போன பின்னரே அந்நகரம் தன் முகத்தைக் காட்டும். மாலை வேளையில் முதியோர் தெருவோர மண்டபங்களில் அமர்ந்து பஜனை பாடுவர். 1702இல் பூபதீந்திர மல்லர் முடித்த ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலின் படிகளில் மல்லர், யானை, சிங்கம் முதலிய காவலர் வரிசையாக வீற்றிருக்கின்றனர். 1934, 2015 ஆகிய ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களில் அக்கோயில் விழாது நின்றது. குயவர் சதுக்கத்தில் வெயிலிற் காயும் மட்பாண்டங்களையும் பாருங்கள். மன்னர் தயிர் எனப் பொருள்படும் ஜூஜு தௌ என்னும் எருமைத் தயிரை மண்சட்டியில் உறைய வைத்து விற்கின்றனர். சட்டித் தயிருக்குப் பழகிய நாம் அதன் அருமையை உடனே அறிவோம். உணவுக்கு பருப்பும் சோறும் கறியும் கொண்ட தால் பாத் போதும். சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் பருப்பும் மறுமுறை கேட்டாலும் மேலதிகப் பணம் வாங்குவதில்லை.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்து பனிமலைகள் தோன்றும். ஏப்ரல் நடுப்பகுதியில் நமது புத்தாண்டை ஒட்டியே அவர்களுடைய புத்தாண்டும் வருகின்றது. அப்பொழுது பக்தபூரில் மேலூராரும் கீழூராரும் பைரவர் தேரை எதிரெதிர்த் திசைகளில் வடம் பிடித்து இழுப்பர். சற்று எட்ட நின்று பார்ப்பதே பாதுகாப்பு.

சிக்கனம் பற்றி இவ்வளவு கூறிய நாம், சிக்கனம் கூடாத இரண்டு இடங்களையும் கூறவேண்டும். ஒன்று குடிநீர், குழாய் நீரைத் தவிர்த்து, கொதித்தாறிய நீரையே பருகுங்கள். மற்றது நுழைவுச் சீட்டு. இவை மதில் சூழ்ந்த காட்சிச்சாலைகளல்ல, மக்கள் குடியிருக்கும் நகரங்கள். ஆதலால் பக்கத்துச் சந்தொன்றால் நுழைந்து கட்டணத்தைத் தப்பவிடுவது எளிது. அதனைச் சாமர்த்தியம் என்று சொல்வோரும் உளர்.

2015 ஏப்ரல் 25ஆம் திகதி நடந்த நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். பக்தபூரில் வத்சலா தேவி கோயில் இடிந்து குவியலாயிற்று. அதன் பின் ஜெர்மனியிலிருந்து வரவிருந்த பெருந்தொகை உதவியொன்றை, அதன் நிபந்தனைகள் தமது முறைக்கு ஒவ்வாதவை என்று அந்நகரசபை விட்டுவிட்டது. உள்ளூர்த் தச்சரையும் கொத்தரையும் கொண்டே கோயில்களைப் புதுக்க முற்பட்டது. வத்சலா கோயிலும் மீண்டும் எழுந்தது. பிரயாணிகள் செலுத்தும் கட்டணம் அந்நகரசபையின் முக்கிய வருமானங்களுள் ஒன்று. நாம் ஒளிக்கும் சில ரூபா, சாரத்தின் மேல் நின்று மரம் செதுக்கும் ஒருவரின் நாட்கூலியிலிருந்து குறைவதாகும். மேலும், பல நாள் தங்குவோர் கேட்டுக்கொண்டால் அதே சீட்டை நீடித்துக் கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு.

பஸ்ஸிலே போங்கள், எளிய விடுதியிலே தங்குங்கள், தால் பாத் உண்ணுங்கள். சீட்டை மட்டும் வாசலிலே கேட்டு வாங்குங்கள்.