பக்கத்தில் இருக்கும் பூங்காவும் தூரத்தில் இருக்கும் வாப்பாவும்

பெருநாள் முடிந்து இரண்டாம், மூன்றாம் நாட்களில் ஹைலெவல் வீதியில் போகும் வேன்களைப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபது பேர் இருப்பார்கள். பின்னால் சாப்பாட்டுச் சட்டி, தண்ணீர் கேன், பாய். வேன் ஹன்வெல்லைப் பக்கம் களுஅக்கலையில் உள்ள லெஷர் வேர்ல்ட்டுக்கோ, வேறெங்காவது ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கோ போய்க்கொண்டிருக்கும். முன் ஆசனத்தில் முதலாளி. ஒரு காதில் தொலைபேசி, மறு கையில் கடைச் சாவி.

போய்ச் சேர்ந்தால் எங்கும் வரிசை. டிக்கட்டுக்கு வரிசை, சறுக்குமரத்துக்கு வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. இரவு பத்து மணிக்கு வீடு வரும்போது ஒரு பிள்ளைக்கு வாந்தி, இன்னொன்றுக்குக் காய்ச்சல். வேன் கூலி, டிக்கட், சாப்பாடு என்று கணக்குப் பார்த்த முதலாளி சொல்வார்: "சரி, இனி அடுத்த பெருநாளைக்குத்தான்." வருடக் கடமை ஒன்று முடிந்த நிம்மதி அவருக்கு.

இந்தப் பத்தியில் நாம் வழமையாக வங்கிக் கடன், இறக்குமதி வரி, காசோலைப் பிரச்சினை பற்றிப் பேசுகிறோம். இந்த வாரம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இதில் வியாபாரிகளாகிய நாம் படிக்க வேண்டிய பாடம் இரண்டு இருக்கிறது. ஒன்று கடைக்கு, மற்றது வீட்டுக்கு.

முதலில் எனது சொந்தக் கணக்கைச் சொல்லி விடுகிறேன். நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் புறக்கோட்டையில் புடைவை வியாபாரம் செய்தவன். வீடு மருதானையில். வீட்டிலிருந்து காலிமுகத்திடலுக்கு முச்சக்கர வண்டியில் பதினைந்து நிமிடம். அந்தத் திடலின் நடைபாதை 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக இதைப் பராமரிக்குமாறு தனக்குப் பின் வரும் ஆளுநர்களுக்கு அவர் கல்லில் பொறித்து வைத்துவிட்டுப் போனார். வெள்ளைக்கார ஆளுநருக்கு இருந்த அந்த நினைப்பு எனக்கு இருக்கவில்லை. கடை இரவு எட்டுக்குத்தான் மூடும். வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கி இருப்பார்கள்.

மகளின் கலியாணத்துக்கு முதல் வாரம் வீட்டில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வாப்பா, ஒங்களோட கடலுக்குப் போனது நாலு தரம்தான். நாலு தரமும் ஊருல இருந்து விருந்தாளி வந்த நாள்." குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னாள். வியாபாரியின் மகள் அல்லவா? எனக்குப் பதில் வரவில்லை. விருந்தாளிக்குக் காட்டிய கடலை என் பிள்ளைக்குக் காட்ட எனக்கு நேரம் இருக்கவில்லை.

அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் டிவோலி என்றொரு பூங்கா இருக்கிறது. 1843இல் திறக்கப்பட்டது, இன்றும் நடக்கிறது. ஊருக்கு வெளியே அல்ல, மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் வருட அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நினைத்த நேரம் போய் வரலாம். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வீடு திரும்பலாம். அவர்களுக்கு அது பயணம் அல்ல, நாம் சந்திக் கடைக்குப் போய் வருவது மாதிரி.

1951இல் அந்தப் பூங்காவைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர் வோல்ட் டிஸ்னி. அவர் தமது பூங்கா பற்றிய எண்ணம் எப்படி வந்தது என்று சொன்ன கதை பலருக்கும் தெரியும். லொஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்ற பூங்காவுக்குத் தமது இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள், அவர் வாங்கில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டுக்கொண்டு பார்த்திருப்பார். பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெற்றோருக்கு வாங்கு என்று ஏன் இருக்க வேண்டும், இரு சாராரும் சேர்ந்து சந்தோசப்பட ஓரிடம் வேண்டாமா என்று யோசித்தார். 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது அந்த வாங்கைத்தான். அவர் அங்கே உட்கார்ந்திருந்தபடியால்தான் குறையைக் கண்டார். பிள்ளைகளை டிரைவரோடு அனுப்பியிருந்தால் அந்த எண்ணம் வந்திருக்காது.

அட்டைக்குப் பின்னால் உள்ள கணக்கு

டிஸ்னிலேண்டில் தொடக்கத்தில் உள்ளே போக ஒரு கட்டணம், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு என்றிருந்தது. 1982இல் அந்தச் சீட்டுப் புத்தக முறையை நிறுத்தி, ஒரே கட்டணத்தில் எல்லாம் என்று மாற்றினார்கள். அதே பத்தாண்டில் வருட அட்டையும் வந்தது. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் அதை மாதத் தவணையில் கட்டவும் வசதி செய்தார்கள். தூரத்திலிருந்து வருபவன் பெரிய காசு தருவான், ஆனால் அவன் மீண்டும் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவன் சிறிய காசு தருவான், ஆனால் வந்துகொண்டே இருப்பான். இருவரும் வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

எமது ரூபாவில் ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக மட்டும் இந்த எண்கள். ஒரு பூங்காவில் டிக்கட் 2,000 ரூபா. வருடத்துக்கு ஒரு தரம் வருபவர் டிக்கட்டோடு 500 ரூபாவுக்குச் சாப்பிட்டால் மொத்தம் 2,500. மூன்று டிக்கட் விலைக்கு, அதாவது 6,000 ரூபாவுக்கு, வருட அட்டை கொடுத்தால் அவர் பத்துத் தரம் வருவார். ஒவ்வொரு தரமும் 500 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 5,000. மொத்தம் 11,000. "பத்துத் தரம் வருபவரிடம் 20,000 எடுத்திருக்கலாமே" என்று கேட்பவர் உண்டு. 20,000 என்றால் அவர் பத்துத் தரம் வந்திருக்கவே மாட்டார்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவில் நூறு பேர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் தண்ணீர்ப் பம்பு ஓடத்தான் வேண்டும், காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். வெறுமையாய்க் கிடக்கும் நாளில் அட்டைக்காரர் வந்தால் மேலதிகச் செலவு மிகச் சிறிது. அட்டைக் காசோ முன்கூட்டியே கையில் வந்து விட்டது. போதாக்குறைக்கு அவர் தன் மச்சானையும் மச்சானின் பிள்ளைகளையும் டிக்கட் எடுத்துக் கூட்டி வருவார்.

இப்போது உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். நோன்பு கால சீசனில் வரும் கூட்டத்துக்காக நாம் கடன் வாங்கிச் சாமான் நிரப்புகிறோம். மிச்சம் பதினொரு மாதமும் வாடகை, மின்சாரம், சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பதினொரு மாதமும் எம்மைக் காப்பாற்றுபவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வாடிக்கையாளர். அவருக்கு நாம் என்ன சலுகை வைத்திருக்கிறோம்? பல கடைகளில் புதிதாய் வருபவருக்குத்தான் கழிவு. பழைய ஆளுக்கு "ஒங்களுக்கு வெல சொல்லணுமா நானா" என்ற வார்த்தை மட்டும்.

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அட்டை விற்பது இலேசு என்பதற்காக அளவில்லாமல் விற்றால், எல்லா அட்டைக்காரரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார்கள், டிக்கட் எடுத்து வந்தவருக்கு இடமிருக்காது. டிஸ்னிலேண்டும் அதிக நெரிசலைச் சந்தித்தது. கொரோனா காலத்தில் பூங்கா மூடிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில் பழைய வருட அட்டைத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டில் புதிய திட்டம் கொண்டு வந்தபோது, எந்த அட்டைக்கு எந்த நாட்கள் என்ற வரையறையும் முன்பதிவும் சேர்ந்து வந்தன. சலுகை கொடுப்பவர் தன் கொள்ளளவை முதலில் அளக்க வேண்டும் என்பதே பாடம்.

எம்மால் முடியுமா?

"அது அமெரிக்காக்காரன் கதை" என்று சொல்பவர்களுக்குக் கொச்சியைக் காட்டுகிறேன். கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி என்பவர் 1977இல் தகப்பனாரிடம் வாங்கிய ஒரு இலட்சம் இந்திய ரூபாவில், இரண்டு தொழிலாளர்களோடு மின் அழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கினார். அதுதான் வி-கார்ட் நிறுவனம். அவர் 2000ஆம் ஆண்டில் கொச்சியில் திறந்த பூங்கா வீகாலேண்ட். 2005இல் பெங்களூரில் வண்டர்லா, பிறகு கொச்சிப் பூங்காவுக்கும் அதே பெயர். 2014இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2016இல் ஹைதராபாத்துக்கும் போனது. விளையாட்டு இயந்திரங்களில் ஒரு பகுதியைத் தாங்களே செய்துகொள்ளவும் பழகினார்கள். பட்டறையில் தொடங்கியவர் என்பதால் அது அவர்களுக்குக் கை வந்தது.

நான் உங்களைக் கோடிக்கணக்கில் கொட்டச் சொல்லவில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு தூரப் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரமாகி விட்டது. ஆனால் பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்தவில்லை. கல்முனையிலோ, காத்தான்குடியிலோ, அக்குறணையிலோ, புத்தளத்திலோ, பேருவளையிலோ வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், பின்னேரம் நாலு மணிக்குப் போய் மஃரிபுக்குத் திரும்பக்கூடிய சிறிய விளையாட்டிடத்துக்கு இடமுண்டு என்பது எனது கருத்து.

அப்படி யோசிப்பவர் மூன்று விடயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, பெண்கள். நான் கண்ட நீர்ப் பூங்காக்களில் எமது பெண்கள் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளை, அதுவும் கூட்டம் குறைந்த நாளை, பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒதுக்கினால் அந்த வெறும் நாளே வருமான நாளாகும். இரண்டாவது, நிழல், மலசலகூடம், தொழுகைக்கு ஓர் அறை. இவை சுத்தமாக இல்லாவிட்டால் தாய்மார் இரண்டாம் தரம் வர மாட்டார்கள், தாய் வராவிட்டால் பிள்ளையும் வராது. மூன்றாவது, பாதுகாப்பு. தண்ணீர் என்றால் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், இயந்திரம் என்றால் தவறாத பரிசோதனை, எல்லாவற்றுக்கும் காப்புறுதி. இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது. ஊரவர் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் கடையை மூடுவதோடு அது முடியாது.

வாங்கில் உட்காருங்கள்

இனி வீட்டுப் பாடம். "கடையை விட்டுட்டு எங்க போறது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருபத்தைந்து வருடம் நானும் அதையேதான் சொன்னேன். இப்போது யோசித்துப் பார்த்தால், நான் ஜனாஸாவுக்குப் போனேன், கலியாணத்துக்குப் போனேன், வங்கி மனேஜரைக் காணப் போனேன். அந்த நேரங்களில் கடை நடந்தது. பிள்ளைகளோடு போக மட்டும்தான் கடை என்னை விடவில்லை. இரண்டு மணித்தியாலம் முதலாளி இல்லாவிட்டால் நின்று போகும் கடை என்றால், குறை பிள்ளைகளில் இல்லை, கடையை நடத்தும் முறையில்தான் இருக்கிறது.

பெருநாளைக்கு இருபது பேரோடு போகும் ஒரு பயணத்தின் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பன்னிரண்டால் பிரியுங்கள். மாதம் ஒரு செவ்வாயோ புதனோ, பாடசாலை விட்டு வந்த பிறகு, பக்கத்திலுள்ள பூங்காவுக்கோ கடற்கரைக்கோ மனைவி பிள்ளைகளோடு மட்டும் போங்கள். இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுங்கள், ஒரு பட்டம் வாங்கிக் கொடுங்கள். காசு கூடப் போகாது. தொலைபேசியை மட்டும் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாங்கில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். தாய்மார் எதைத் தேடுகிறார்கள், பிள்ளைகள் எதைக் கேட்டு அழுகிறார்கள், எந்தச் செருப்பு அறுகிறது, எந்தத் தண்ணீர்ப் போத்தல் ஒழுகுகிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் படும். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்து இவற்றைக் காண முடியாது. இது வியாபாரத்துக்கு.

மற்றது, என் மகள் சொன்ன கணக்கு. பேரன் இப்போது என்னோடு வாரம் ஒரு தரம் காலிமுகத்திடலுக்கு வருகிறான். மகள் அதை எண்ணுவதில்லை, நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இன்னும் சிறிதாக இருந்தால் உங்கள் கணக்கைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.