குடியேறியை எப்போது அனுப்புவது?

கி.மு. 4000ஆம் ஆண்டு. திரை முழுவதும் இருள். நடுவே சிறியதொரு வெளிச்ச வட்டம். அதற்குள் ஓர் ஆறு, இரண்டு குன்றுகள், ஒரு காடு. ஒரு குடியேறிக் கூட்டமும் துணைக்கு ஒரு போர்வீரனும் ஆணைக்காகக் காத்து நிற்கிறார்கள். ‘சிவிலைசேஷன்’ என்ற கணினி விளையாட்டு பெரும்பாலும் இவ்வாறுதான் தொடங்குகிறது. சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் 1991இல் இதன் முதற்பதிப்பை உருவாக்கினார்கள். இதுவரை ஏழு முதன்மைப் பதிப்புகள் வந்துவிட்டன. ஆறாயிரம் ஆண்டு மனித வரலாற்றை ஒருவர் முறைவைத்து முறைவைத்து நகர்த்திச் செல்லலாம். ஆனால் அந்த ஆறாயிரம் ஆண்டுகளின் தலைவிதி முதல் ஐம்பது முறைகளுக்குள்ளேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது என்பது இதனை ஆடியவர்கள் அனைவருக்கும் தெரியும்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் இதனை ஒரு மந்திரம்போல் ஒப்புவிப்பான். முதலில் வேவுக்காரர், அடுத்து கவண்காரர், அதன்பின் குடியேறி. ஆறாம் பதிப்பை ஆடும் இளைஞர்கள் பலரிடம் இந்த வரிசை மனப்பாடமாக இருக்கிறது. இதில் தவறு ஏதும் இல்லை. பத்து ஆட்டங்களில் ஏழில் இது சரியாகவே வரும். ஆயினும், நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னரே முடிவெடுத்துவிடுகிறவனுக்கு இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி கிட்டாமலே போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

முதற் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நின்ற இடத்திலேயே நகரை அமைப்பதா, நகர்ந்து சென்று அமைப்பதா? ஆறாம் பதிப்பில் தொடக்கத்தில் ஒரு முறை என்பது நாற்பது ஆண்டு. நன்னீர்க் கரையில் அமைந்த நகருக்கு ஐந்து அலகு குடியிருப்பு வசதி கிடைக்கும். கடற்கரையில் மூன்று. இரண்டும் இல்லாத இடத்தில் இரண்டு மட்டுமே. ஆற்றை விட்டு விலகுவது ஏன் மடமை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஆற்றோரமாகவே ஒரு கட்டம் தள்ளிச் சமவெளிக் குன்று ஒன்று இருந்தால், நான் தயங்காமல் ஒரு முறையைச் செலவிட்டு அதன்மேல் ஏறி அமர்வேன். சாதாரணக் கட்டத்தில் நகரின் மையம் ஓர் அலகு உற்பத்தி தரும் இடத்தில், சமவெளிக் குன்றின் மீது அது இரண்டு தருகிறது. நான்காம் பதிப்பிலும் இந்தக் கணக்குத்தான். ஒரு முறை தாமதம் விரைவில் ஈடாகிவிடும். கூடுதல் அலகோ ஆட்டம் முடியும்வரை வந்துகொண்டேயிருக்கும். அதற்காக நல்ல நிலம் தேடி ஆறேழு முறை அலைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நகர் அமைக்கும்போது அயலவனுக்கு இரண்டாவது நகர் வந்திருக்கும்.

இவையெல்லாம் சில்லறைக் கேள்விகள். தொடக்க ஆட்டத்தின் பெருங்கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தாய்நகரின் வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஒரு குடியேறிக் கூட்டத்தை வெளியே அனுப்புவது எப்போது? குடியேறி சும்மா கிடைப்பதில்லை. மூன்றாம் பதிப்பில் அது நகரின் மக்களில் இரண்டு அலகைக் கொண்டுபோகும். ஆறாம் பதிப்பில் ஓர் அலகு. நான்காம் பதிப்பில் மக்கள் குறைவதில்லை. ஆனால் குடியேறி உருவாகி முடியும்வரை நகரம் வளராது. மிகுதி உணவு முழுவதும் அந்தப் பயணத்துக்கே போய்ச்சேரும். எனவே, இன்றைய வளத்தைக் கொடுத்து நாளைய நிலத்தை வாங்குகிறோம். எவ்வளவு கொடுக்கலாம்?

ஆரம்பகாலப் பதிப்புகளில் இதற்கு விடை மிக எளிது. நெருக்கமாக, இடைவிடாமல், கண்ட இடமெல்லாம் நகர் அமைத்துக்கொண்டே போவது. மூன்றாம் பதிப்பில் ஊழல் என்றொரு தடையை வைத்துப் பார்த்தார்கள். தொலைதூர நகரங்களின் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் வீணாயிற்று. அப்போதும் நகரை அமைக்காமல் விட எவருக்கும் மனம் வரவில்லை. ஒன்றுமில்லாததைவிட ஓர் அலகு மேலல்லவா?

2005இல் வெளிவந்த நான்காம் பதிப்பு இதற்கு உண்மையான தீர்வொன்றைக் கண்டது. அதன் வடிவமைப்பாளர் சொரன் ஜோன்சன். ஒவ்வொரு புதிய நகரும் திறைசேரியிலிருந்து பராமரிப்புச் செலவைக் கேட்கும்படி செய்தார்கள். நகரங்களின் எண்ணிக்கை கூடக்கூட அச்செலவு கூடும். தலைநகரிலிருந்து தூரம் கூடினாலும் கூடும். திறைசேரி வற்றினால் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பங்கைக் குறைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் படைகள் கலையத் தொடங்கும். ஆக, ‘அங்கே நிலம் இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டிருந்த ஆட்டக்காரன், ‘அந்த நிலம் தன் செலவைத் தானே எப்போது ஈட்டும்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது.

நான் இதனைப் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் ஆட்டங்களில் ஒன்றில், எட்டு நகரங்களை அவசர அவசரமாக அமைத்துவிட்டுப் பெருமையோடு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தைக் கண்டறியவே எனக்கு யுகம் சென்றது. மூன்று நகரங்களோடு அடக்கமாக இருந்த அயலவன் வாள்களோடு வந்தான். என்னிடம் தடிகள்தான் இருந்தன. அதன் பின்னரே குடிசைகளின் அருமை விளங்கியது. ஆற்றோரம் அமைக்கும் ஒரு குடிசை, மக்கள் அதில் வேலைசெய்ய, பத்து முறையில் சிற்றூராகும். பின்னர் இருபது முறையில் கிராமமாகும். மேலும் நாற்பது முறையில் பட்டணமாகும். எழுபது முறை பொறுத்திருக்க வேண்டிய இந்த முதலீட்டைத் தொடங்கிய பிறகே நான்காவது நகரைப் பற்றி யோசிக்கலாம்.

இதே காரணத்தால்தான் நான்காம் பதிப்பில் முதலில் போர்வீரனை அன்றித் தொழிலாளியையே உருவாக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். போர்வீரனுக்கு 15 உற்பத்திப் புள்ளிகள், தொழிலாளிக்கு 60. நகரம் ஏறத்தாழப் பதினைந்து முறை வளராமல் நிற்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் அவன் வெளியே வந்து ஒரு கோதுமை வயலைத் திருத்திய கணமே ஆட்டம் வேறாகிவிடும். ஒரேயொரு நிபந்தனை: ஆராய்ச்சி நிலத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். கோதுமைக்கு வேளாண்மை, மாட்டுக்குக் கால்நடை வளர்ப்பு. பொருந்தாவிட்டால் தொழிலாளி கைகட்டி நிற்பான்.

2010இல் வந்த ஐந்தாம் பதிப்பு மறுகோடிக்குச் சென்றது. புதிய நகரம் ஒவ்வொன்றும் பேரரசு முழுவதன் மகிழ்ச்சியைக் குறைத்தது. நான்கு நகரங்களோடு நின்றுகொள்வதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்டது. இதுவும் ஒரு மனப்பாடம்தான். 2016இன் ஆறாம் பதிப்பில் ஊசல் மீண்டும் திரும்பியது. குடியேறியின் விலை ஒவ்வொரு தடவையும் ஏறுகிறது என்பதைத் தவிரப் பெரிய தடை இல்லை. குடியேறி உற்பத்தியை ஐம்பது விழுக்காடு விரைவுபடுத்தும் கொள்கை அட்டையும் உண்டு. எப்போது அனுப்புவது என்று கேட்டால் விடை ஏறக்குறைய எப்போதும் ‘இப்போதே’.

“மாமா, நீங்கள் இன்னும் பழசையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்” என்பான் மருமகன். அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆறாம் பதிப்பில் காட்டுமிராண்டிகளின் வேவுக்காரன் ஒருவன் நமது நகரைக் கண்டுவிட்டுத் தன் முகாமுக்குத் திரும்பிவிட்டால், சிறிது நேரத்தில் கொள்ளைக்கூட்டம் வரும். அவனைத் துரத்திக் கொல்வதா, குடியேறிக்குத் துணையாகப் போர்வீரனை அனுப்புவதா என்பது மெய்யான இக்கட்டுத்தான். மிக உயர்ந்த கடினநிலையில் கணினி எதிரிகள் கூடுதல் குடியேறிகளோடு தொடங்குவதால் நிலத்துக்கான ஓட்டமும் பரபரப்பானதே. ஆனால் ஓடுவது வேறு, தீர்மானிப்பது வேறு.

2025இல் வெளியான ஏழாம் பதிப்பு ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யுகத்திலும் வேறொரு நாகரிகத்தைத் தெரிவுசெய்யச் சொன்னது. யுகம் மாறும்போது பலவும் மீளத் தொடங்குவதால் தொடக்கப் பிழைகள் கழுவப்பட்டுவிடுகின்றன. எனக்கு அது குறையாகவே தெரிகிறது. சோழர் இதில் வந்ததைக் கண்டு தமிழர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் வெளியான வடிவில் அவர்கள் இரண்டாம் யுகத்துக்குரியவர்கள். வேறொருவராகத் தொடங்கித்தான் சோழராக வேண்டும்!

இனி, நெடுநாளாக என்னை உறுத்தும் ஒன்று. இந்தக் கட்டுரைக்காகக் ‘குடியேறி’ என்று எழுதும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலிருந்து ‘குடியேற்றம்’ என்ற சொல் எங்கள் செய்தித்தாள்களில் என்ன பாரத்தைச் சுமந்து வந்திருக்கிறது என்பதை ஈழத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டில் நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஒன்றில் காட்டுமிராண்டிகள், அன்றேல் பழங்குடிச் சிற்றூர்கள். அந்தச் சிற்றூருக்குள் நமது வேவுக்காரன் கால்வைத்தால் பொன்னோ வரைபடமோ கிடைக்கும், ஊர் மறைந்துவிடும். எங்கே போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நான்காம் பதிப்பின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே வெண்கலத்தைத் தேடி ஓடுவது, அது அடிமை முறையையும் திறந்துவிடுகிறது என்பதற்காக. ஓர் அலகு மக்களைப் பலிகொடுத்தால் 30 உற்பத்திப் புள்ளிகள். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

2018இல் ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் கனடாவின் கிறீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கர் சேர்க்கப்பட்டபோது, அம்மக்களின் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். பிறரை வென்று அவர்களின் நிலத்தை எடுத்துக்கொள்ளும் குடியேற்றவாதிகளின் விழுமியமே தமது மக்களுக்கும் இருந்தது என்ற பொய்யை இது பரப்புகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை வெறும் மனத்தாங்கலாக நான் கருதவில்லை. அது வடிவமைப்பைப் பற்றிய விமர்சனமும்கூட. நான்காம் பதிப்பு தூரத்துக்கு விலை வைத்தது, எண்ணிக்கைக்கு விலை வைத்தது. அந்த நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு எந்தப் பதிப்பும் அத்தகைய விலையை வைத்ததில்லை. அவர்களோடு பேச வேண்டும், இணங்க வேண்டும், மறுத்தால் வேறு திசையில் செல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்திருக்குமானால், இருபதாம் முறையில் குடியேறியை அனுப்புவதா என்ற கேள்வி எவ்வளவு கனத்திருக்கும்! வரைபடத்தில் வெற்றிடம் என்று ஒன்று இல்லாத ஆட்டத்தை ஆடிப்பார்க்க எனக்கு ஆசை.

வரும் ஞாயிறன்று மருமகனோடு இணையவழியே நான்காம் பதிப்பில் ஓர் ஆட்டம் ஒழுங்காகியிருக்கிறது. முதலில் தொழிலாளிதான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் போர்வீரன் என்கிறான்.