முதுகில் ஒரு விசா

துபாயின் தேராவில் பல வருடம் இருந்தவர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட் பக்கம் நன்றாக நினைவிருக்கும். பக்கம் முழுக்க ஒட்டிய விசா ஸ்டிக்கரில் போட்டோ, தொழில், ஸ்பான்சர் பெயர், முடியும் தேதி எல்லாம் இருக்கும். 2022இல் ஸ்டிக்கர் ஒட்டுவது நின்றது. இப்போது எமிரேட்ஸ் ஐடியே போதும். அந்தப் பக்கத்தை நம்பி வாழ்ந்தவர்கள் பார்க்க வேண்டிய அரபுப் படம், 2020இல் வந்த 'தி மேன் ஹூ சோல்ட் ஹிஸ் ஸ்கின்'. தன் தோலை விற்றவனின் கதை. இயக்கியவர் துனிசியாவின் கவுதர் பென் ஹனியா.

சாம் அலி சிரியாவிலிருந்து லெபனானுக்குத் தப்பி வந்த இளைஞன். காதலி பிரஸ்ஸல்ஸில். அவனுக்கோ விசா கிடைக்க வழியில்லை. பெய்ரூட்டில் நடக்கும் கலைக் கண்காட்சித் திறப்புகளில் சாப்பாட்டுக்காக நுழைகிறான். அங்கே ஒரு புகழ்பெற்ற ஓவியர் அவன் முதுகைக் கேட்கிறார். அதில் ஷெங்கன் விசாவைப் பச்சை குத்துகிறார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. மனிதனாகக் கடக்க முடியாத எல்லையை, சாம் கலைப்பொருளாகக் கடந்துவிடுகிறான்.

இது எப்படி நடக்கும்? சமகாலக் கலை, அதாவது இன்று வாழும் கலைஞர்களின் படைப்பு, பெரும்பாலும் பொருளின் மதிப்பில் விலை போவதில்லை. கலைஞரின் பெயர், காட்டிய கேலரி, வாங்கிய அருங்காட்சியகம், 'இது அசல்தான்' என்னும் சான்றிதழ் ஆகியவைதான் விலையை உண்டாக்குகின்றன. இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் மயாமியில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2024இல் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம். வாங்கியவர் கையில் நிற்பது சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான்.

பழத்தை மாற்றலாம். முதுகை மாற்ற முடியாது. படத்தின் நையாண்டி அங்கேதான் கூர்மையாகிறது. காப்பீடு, ஏலம், ஒப்பந்தம் என்று ஓவியத்துக்கு உரிய எல்லா நடைமுறைகளும் ஓர் உயிருள்ள ஆளின் மேல் நடக்கின்றன.

இது முழுக் கற்பனையும் இல்லை. பெல்ஜியக் கலைஞர் விம் டெல்வோய் 2006இல் தொடங்கி சுவிட்சர்லாந்தின் டிம் ஸ்டைனர் முதுகில் மாதா, மண்டையோடு, மீன்கள் எல்லாம் பச்சை குத்தச் செய்தார். 2008இல் ஒரு ஜெர்மன் சேகரிப்பாளர் அதை 1,50,000 யூரோவுக்கு வாங்கினார். மூன்றில் ஒரு பங்கு ஸ்டைனருக்கு. கண்காட்சிகளில் அவர் சட்டையின்றி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். இறந்த பிறகு தோல் வாங்கியவருக்குப் போய்ச் சேரும். 2012இல் லூவர் அருங்காட்சியகத்தில் இந்தப் படைப்பைப் பார்த்ததுதான் பென் ஹனியாவின் கதைக்கு விதை. டெல்வோயே படத்தில் காப்பீட்டுக்காரராக வந்து போகிறார்.

ஸ்டைனர் விரும்பி உட்கார்ந்தார். விசா அவருக்குப் பிரச்சினை இல்லை. சாமும் சம்மதித்துத்தான் கையெழுத்திடுகிறான், ஆனால் வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. சம்மதம் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த வித்தியாசத்தைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. கடைசிப் பகுதி சிக்கல்களைச் சற்று எளிதாகவே அவிழ்த்துவிடுகிறது என்பது என் குறை. ஆனாலும் 2021இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குச் சென்ற முதல் துனிசியப் படம் இதுதான், தகுதியான இடம்.

பார்க்கும்போது சாமின் முகத்தைக் கவனியுங்கள். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் அவன் முதுகை மட்டும்தான் பார்க்கிறார்கள்.