கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள், முன்னால் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள்

நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள், வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.

சென்ற வாரம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் ஒரு ஜீப் ஓரங்கட்டி நிற்கிறது. டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடு என்ற எச்சரிக்கை. பின் சீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். கீழே வரிசையாகத் தீர்ப்புகள்: "நம்ம ஊர் வெயிலுக்கு ஆட்டோமேட்டிக் ஆகாது சார்." "மேனுவல்தான் கெத்து." "அப்பவே சொன்னேன் மாப்ள." எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த வண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் இரும்பு பம்பர். அதன்மேல் வின்ச். கிரில்லை மறைத்து ஒரு நீள லைட் பார், அதற்கு மேலே இரண்டு வட்ட விளக்குகள். டயர் கம்பெனி டயர் இல்லை, ஒரு சுற்றுப் பெரியது. கூரையில் கூடாரம், தண்ணீர் கேன், மண்வெட்டி. அந்த மண்வெட்டியால் எதைத் தோண்டப் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை, அது இருக்கட்டும்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, தலையில் மூட்டையை ஏற்றி, காலில் இரும்புச் செருப்பை மாட்டி, ஒருவனை மலை ஏறச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கினால் "இவனுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வதற்குப் பெயர் என்ன? அதைத்தான் இந்த வண்டிகளுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் போதும். ஆட்களோடும் சாமான்களோடும் 2,400 கிலோ எடையுள்ள வண்டி, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 11 கிலோவாட். டயர் உருள்வதற்கும் சேர்த்தால் 13. டார்க் கன்வர்ட்டர் என்பது ஒன்றையொன்று தொடாத இரண்டு விசிறிகள், நடுவில் எண்ணெய். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது, எண்ணெய் போய் மற்றதைத் தள்ளுகிறது. வேகமாகப் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இழப்பு மிகக் குறைவு. மெதுவாக ஏறும்போது அந்தப் பிடி விட்டுவிடும், விசிறிகள் வழுக்கும். நான்கில் மூன்று பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்று வைத்தால், எஞ்சின் 17 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். மிச்சம் 4 கிலோவாட் எங்கே போகும்? எண்ணெயில் வெப்பமாகப் போகும்.

நம் வீட்டு கீசர் 2 கிலோவாட். ஆக, இரண்டு கீசரை அந்த எட்டு லிட்டர் எண்ணெய்க்குள் போட்டு சுவிட்சைத் தட்டியது போல. குளிர வழியே இல்லை என்றால் அந்த எண்ணெய் மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 17 டிகிரி ஏறும். சுற்றியுள்ள உலோகம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் நடப்பில் இதைவிட மெதுவாக ஏறும். ஆனாலும் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, லாக்கப் விட்டு, மறுபடி முதலிலிருந்து.

இந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோக வண்டி செய்தவன் ஒரு வழி வைத்திருக்கிறான். பல வண்டிகளில் கியர் எண்ணெய் ஒரு குழாய் வழியாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடி, சூட்டை அதனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். தண்ணீர் அந்தச் சூட்டை யாரிடம் கொடுக்கும்? கிரில் வழியாக வரும் காற்றிடம். அந்தக் கிரில்லின் மேல்தான் நீங்கள் பதினைந்தாயிரம் ரூபாய் லைட் பாரைக் கட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் சூடாக இருந்தால் எண்ணெய் குளிராது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

டயர் கதை இன்னொன்று. 2020 அக்டோபரில் வந்த தாரில், 18 அங்குல ரிம் போட்டதற்குக் கம்பெனி டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 31 அங்குலம். 33 போட்டால் ஆறு சதவீதத்துக்கு மேல் பெரிது. சக்கரம் பெரிதானால் அதைத் திருப்ப அதே அளவு கூடுதல் முறுக்கு வேண்டும். மிதிவண்டியில் பின் பல்சக்கரத்தைச் சின்னதாக்கிக்கொண்டு மேடு ஏறிப் பாருங்கள், தெரியும். எஞ்சின் திணறும், கன்வர்ட்டர் இன்னும் வழுக்கும், லாக்கப் பிடிக்க இன்னும் நேரமாகும். டயரின் எடை தனி. ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும், அது இன்னொரு வம்பு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. முன்னால் கட்டும் புல் பாரை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் நடந்து போகிறவனின் எலும்பு முறியும், உங்கள் ஏர்பேக்கும் சரியாக விரியாது என்பதற்காக. காற்றை மறைக்கும் என்பது என் பங்குக்கு நான் சேர்க்கும் காரணம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். "லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்." ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடமே சொன்னார்கள். யாருடைய லைஃப் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆட்டோமேட்டிக் மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு: 80 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும். 115 டிகிரி வாக்கில் உள்ளே பிசின் படிய ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும், கருகும். குளிர்நாட்டில் தட்டைச் சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டுமானால் அந்த "லைஃப்டைம்" பொருந்தலாம். சித்திரை வெயிலில் ஏற்காடு ஏறும் வண்டிக்கு எப்படிப் பொருந்தும்? எண்ணெய்க்கும் தட்பவெப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2013 நவம்பரில் வோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் பழைய எண்ணெய் மின்சுற்றில் கோளாறு உண்டாக்கியதுதான் காரணம்.

அதே சமயம், "கூலர் ஒன்று மாட்டிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் கடைக்காரனிடமும் ஏமாறாதீர்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2014-இல் செலெரியோவோடு பரவலான ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்கிறது. அதற்கும், உலர் கிளட்ச் வைத்த டி.சி.டி.க்கும் எண்ணெய் கூலர் போட்டுப் பயன் இல்லை. அவற்றில் எரிவது எண்ணெய் அல்ல, கிளட்ச். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதைப் பக்கம் போய்ப் பாருங்கள். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். கருகிய வாடை வந்ததும் பக்கத்து லாரியைத் திட்டுவார்கள். அந்த வாடை அவர்களுடையது. முன்னால் நாலு வண்டி நீளம் இடம் விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து, மறுபடி பிரேக்கில் நில்லுங்கள். இடையில் யாராவது நுழைவான். நுழையட்டும்.

டார்க் கன்வர்ட்டர் வண்டி வைத்திருப்பவர்கள், எடை கூட்டித்தான் தீருவேன், கூடாரமும் கேஸ் அடுப்பும் இல்லாமல் பயணம் இனிக்காது என்றால், முதல் செலவு தனிக் கூலருக்கு. கம்பெனி குளிர்விப்பானைக் கழற்றிவிட்டு அல்ல. அதற்குப் பிறகு, எண்ணெய் திரும்பிப் போகும் வழியில். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தானே வழி மாற்றிவிடும் தெர்மோஸ்டாட் உள்ளதாக. ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டேக் குத்திக் கட்டுகிறவனிடம் வண்டியை விடாதீர்கள். கியர் எண்ணெயின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உரிய ஓஸ், சரியான பிடிப்பு. இல்லாவிட்டால் சூடான எண்ணெய் சைலன்சர் குழாய் மேல் சொட்டும். அக்கினித் தலத்தில் இருக்கிறோம் என்பதற்காக நடுச்சாலையில் தீபம் ஏற்ற வேண்டியதில்லை. வாரண்டி இருக்கும் வண்டி என்றால் முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெயை மாற்றும்போது வடிகட்டினால் பாதிதான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, இரண்டாம் முறையும் மாற்றச் சொல்லுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் அதே எண்ணெய். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

மலையில் D-யிலேயே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். கையால் 2 அல்லது 3-ஐப் பிடித்து ஏறுங்கள். எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். சுற்று கூடினால் வழுக்கல் குறையும், எண்ணெய்ப் பம்பும் நன்றாகத் தள்ளும். இறங்கும்போதும் அதே கியர், பிரேக் பிழைக்கும். எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரங்கட்டி, P-யில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓட விடுங்கள். அணைத்தால் பம்பு நிற்கும், சூடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, சூடு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஓ.பி.டி. கருவி ஒன்றை ஸ்டீயரிங் கீழே செருகினால் பல வண்டிகளில் கியர் எண்ணெயின் வெப்பநிலை கைபேசியில் தெரியும். எல்லா வண்டியிலும் காட்டாது, வாங்கும் முன் விசாரியுங்கள். லைட் பார் வாங்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. "கெத்து" என்று எழுதிய தம்பிமார்கள் முதலில் இதைச் செய்யுங்கள். லைட் பாரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை, அதே மலை, அதே நேரம், அதே ஆட்கள். இரண்டு எண்களையும் கீழே போடுங்கள். நான் சொன்னது தப்பு என்று எண் சொன்னால் இந்தப் பதிவை நானே நீக்கிவிடுகிறேன்.

கழற்ற ஸ்பேனர் இல்லாதவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். முழு செட்டும் இருக்கிறது. அந்த மண்வெட்டியையும் கொண்டுவரட்டும், தோட்டத்தில் வேலை இருக்கிறது.